உளவளத்துணையும் தொழில்சார் சங்கமும்: யாழ்ப்பாணத்து அனுபவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உளவளத்துணை ஓர் ஒழுங்கமைந்த பணியாக உருப்பெற்ற காலமும் அங்கு போர் உக்கிரமடைந்த காலமும் ஒன்றே. 1987ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை இடம்பெற்றது. யூலை முடிவில் இந்திய அமைதிகாக்கும் படை வந்திறங்கியது. ஒக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டு, அம்மாதம் 21ஆந் திகதி யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் பணியாளரும் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில், பல துறைகளைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி, போரினால் உள்ளம் நொந்தவர்களுக்கு உதவும் நோக்குடன் 'சாந்திகம்' என்ற நிறுவனத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினர். உளவளத்துணை வழங்குவது, பணியாளரைப் பயிற்றுவது, தமிழில் நூல்களை வெளியிடுவது ஆகிய மூன்றையும் அது ஒருசேர மேற்கொண்டது.

ஈழத்தில் ஆற்றுப்படுத்தல், சீர்மியம் என்ற பெயர்களாலும் வழங்கும் உளவளத்துணை என்பது, நெருக்கடியில் இருக்கும் ஒருவர் தமது நிலையைத் தாமே தெளிவாக விளங்கித் தமது முடிவைத் தாமே எடுக்கத்தக்க வகையில், பயிற்சி பெற்ற ஒருவர் அவருடன் குறித்த ஒழுங்கில் தொடர்ந்து உரையாடுவதாகும். உதவி தேடி வருபவரைத் துணைநாடி என்பர். உளச்சிகிச்சை என்பது இதனினும் ஆழமாகச் சென்று, ஒரு குறித்த உளவியற் கோட்பாட்டின் வழி நின்று, மனவடு, நெடுநாள் மனச்சோர்வு போன்ற நிலைகளை மாற்ற முயல்வது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எங்கே என்பது அத்துறையினருக்கே இன்னும் முற்றாகத் தீராத வழக்கு. பிரித்தானியாவின் பெரிய சங்கம் 2000ஆம் ஆண்டில் இரண்டையும் தன் பெயரிற் சேர்த்துக்கொண்டு அந்த வழக்கை ஒருவாறு ஒத்திவைத்தது.

இனி, சாந்திகம் போன்ற நிறுவனத்துக்கும் தொழில்சார் சங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் மக்களுக்குச் சேவை வழங்குகிறது. அதில் வேலை செய்பவர் அதன் ஊழியர். அவருடைய நன்னடத்தைக்கு அது முதலாளி என்ற முறையிற் பொறுப்பேற்கிறது. தொழில்சார் சங்கம் என்பது அத்தொழிலைச் செய்பவர்கள், எங்கே வேலை பார்த்தாலும், உறுப்பினராய்ச் சேரும் அமைப்பு. எவர் அந்தப் பெயரைத் தாங்கத் தகுதியுடையவர், அவர் எந்த ஒழுக்கவிதிக்குக் கட்டுப்பட்டவர், அவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை அது வகுக்கிறது. யாழ்ப்பாணம் நிறுவனங்களை நன்றாகவே வளர்த்தது. சங்கத்தின் பக்கந்தான் மெலிந்து கிடந்தது. அந்த மெலிவின் விளைவுகளை 1987இற்குப் பின்னான வரலாறே காட்டுகிறது.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதி ஏறக்குறைய முழுவதும் ஓரிரவில் வெளியேறியபோது, இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் ஒதுங்கினர். அவ்வளவு பேருடைய துயரத்தையும் ஒரு சில உளமருத்துவர்களால் நேரிற் கண்டு கையாள இயலாது என்பது வெளிப்படை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், உளமருத்துவ நிபுணர் சிவயோகன் ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் வேறொரு வழியைத் தேர்ந்தனர். ஆசிரியர், கிராம அலுவலர், குருமார், சிற்றூர்த் தொண்டர் ஆகியோருக்கு அடிப்படைப் பயிற்சி தந்து, சாதாரண துயரத்தை ஊரிலேயே தாங்கவும் கடுமையானதை இனங்கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பவும் அவர்களைப் பழக்குவதே அவ்வழி. அகதிகளின் உளநலத்துக்கென உலக சுகாதார நிறுவனம் முன்னர் வெளியிட்டிருந்த கைந்நூலின் அமைப்பைத் தழுவி, இருவரும் எழுதிய தமிழ்ச் சமுதாய உளநலம் பற்றிய நூலை 2000ஆம் ஆண்டில் சாந்திகம் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1993இல், சோமசுந்தரத்தின் 'மனவடு' தமிழில் வந்திருந்தது. அமலமரித் தியாகிகள் சபையினர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியிட்ட 'நான்' என்ற உளவியற் சஞ்சிகையும் பொதுவாசகர்களிடையே இத்துறையின் சொற்களைப் பரப்பியது. கலைச்சொல்லும் பாடநூலும் பயிற்சியும் உள்ளூரிலேயே தமிழில் உருவான இடங்கள் மிகச் சில. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்று என்பதைத் தயங்காமற் கூறலாம்.

ஊர்ப்பணியாளரைப் பயிற்றும் முறை வெறும் சமாளிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கிய சில வாரங்களில், ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், ஏற்கெனவே பயிற்றப்பட்டிருந்த உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்களைக் கொண்டு, வடகிழக்கில் மனவடுவுற்ற 31 சிறுவர்களுக்கு இருவகைச் சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினர் நடந்ததை வாழ்க்கைக் கதையாக வரிசைப்படுத்திச் சொல்லும் முறையையும், மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் ஆறு அமர்வுகளிற் பெற்றனர். ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் 81 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 71 சதவீதத்தினரும் மீண்டிருந்தனர் என்பது 2009இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. சிகிச்சை பெறாத ஒரு பிரிவு ஒப்பீட்டுக்கு வைக்கப்படாமையால், காலமே ஆற்றிய பங்கு எவ்வளவு என்பதை இதிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆயினும் முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் கிடைத்தால், பட்டப்படிப்பு உளவியலாளர் அல்லாதோரும் பொறுப்புடன் இப்பணியைச் செய்யலாம் என்பதற்கு அது போதிய ஆதாரம்.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த பலரிடம் அந்தப் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன எனக் கூறுவதற்கில்லை. நிதி பெருகியது, உளசமூகப் பணி என்ற தலைப்பின்கீழ் எண்ணற்ற திட்டங்கள் இலங்கையின் கரையோரங்களுக்கு வந்தன, சில நாட் பயிலரங்கு ஒன்றிற் கலந்துகொண்டவரும் உளவளத்துணையாளர் என்ற பெயரோடு முகாமுக்குட் செல்ல முடிந்தது. மொழி அறியாத வெளிநாட்டினர், முதற் சந்திப்பிலேயே சாவைப் பற்றிப் பேசத் தூண்டிவிட்டு அடுத்த வாரம் ஊர் திரும்பியதும் உண்டு என்று அக்காலத்து நிலைமையை ஆராய்ந்தோர் குறைகூறினர். பேரிடர்ச் சூழலில் உளசமூக உதவி எவ்வாறு அமைய வேண்டும் என்ற வழிகாட்டி நெறிகளை ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்டன. உதவியே தீங்காகிவிடக்கூடாது என்பது அவற்றின் அடிப்படை. ஆனால் நெறி என்பது தாளில் இருப்பது. அதை மீறியவரிடம் கேள்வி கேட்க உள்ளூரில் ஓர் அமைப்பு இருந்தாலன்றி அது நடைமுறையாகாது.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் நிலைமை நேர்மாறாகியது. அவ்வாண்டு யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,500இற்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி நடந்து, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளியான கணக்கெடுப்பு, பெரியோரிடையே மனவடு நோய் அறிகுறிகள் 7 சதவீதமும், மனச்சோர்வு 22.2 சதவீதமும், பதகளிப்பு 32.6 சதவீதமும் இருப்பதாகக் கண்டது. தேவை இவ்வளவு இருந்த அதே வேளையில், வட மாகாணத்தில் வேலைத்திட்டங்களுக்கு அனுமதி வழங்கிய ஜனாதிபதி செயலணி, வீதிக்கும் வீட்டுக்கும் தந்த இசைவை உளசமூகப் பணிக்குத் தரத் தயங்கியது. அத்தகைய திட்டங்கள் பல ஆண்டுகள் முடங்கின அல்லது வேறு பெயர்களிற் பதுங்கி நடந்தன. 2015இன் அரசியல் மாற்றத்துக்குப் பின்னரே இறுக்கம் தளர்ந்தது. தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் திட்டத்துக்காகத் தனித்தனியே இரந்து நின்ற அந்த ஆண்டுகளில், 'இது எங்கள் தொழில், மருத்துவப் பணிபோல் இதுவும் மறிக்கத்தகாதது' என்று தொழிலின் பெயராற் பேசும் வலுவான குரல் உளவளத்துணையாளரிடம் இருக்கவில்லை. அரசோடு பேசுவதும் தொழில்சார் சங்கத்தின் கடமைகளுள் ஒன்று. அத்தகைய வலுவான சங்கம் இருந்திருந்தால் செயலணி மனமிரங்கியிருக்கும் என்று எவரும் உறுதிகூற முடியாது. எனினும் மறுப்புக்கு ஒரு பதிவாவது இருந்திருக்கும்.

திட்டங்களின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். திட்டம் முடிந்ததும் அலுவலகம் பூட்டப்படுகிறது, வாகனம் திரும்பிப் போகிறது, ஆனால் பயிற்சி பெற்றவர் அதே ஊரில் இருக்கிறார்; அவரிடம் மனத்தைத் திறந்து பேசியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அவர் கேட்டறிந்தவற்றைக் காக்கும் கடமை வேலை ஒப்பந்தத்தோடு முடிந்துவிட்டதா, அவர் எழுதிய குறிப்பேடுகள் யாருடைய பொறுப்பில் உள்ளன, பழைய துணைநாடி ஒருவர் மறுபடி அவருடைய வீட்டுப் படலையில் வந்து நின்றால் அவர் எந்த அதிகாரத்தில் அவருக்கு உதவுவார் என்ற கேள்விகளுக்கு, மூடப்பட்ட நிறுவனம் விடை சொல்லாது. முதலாளி மாறினாலும் மாறாமல் ஒருவரைப் பிணைக்கும் கட்டு உறுப்புரிமை ஒன்றுதான்.

அரச சேவையிலும் ஒருமைப்பாடு இல்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை வைத்தியசாலை போன்றவற்றின் உளநலப் பிரிவுகளைச் சார்ந்து இயங்குவோர் இன்னொரு வகையினர். கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சார்ந்த அகவொளி போன்ற குடும்பநல நிலையங்களிற் பணியாற்றுவோர் வேறொரு வகையினர். அமைச்சு வேறு, சுற்றறிக்கை வேறு, பெற்ற பயிற்சியின் நீளமும் வேறு. இலங்கையில் மேற்கத்திய வைத்தியர் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழும், சித்த வைத்தியர் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழும் பதிவு பெறுகின்றனர். முறிவு நெரிவுக்கு எண்ணெய் கட்டுபவருக்குக்கூடப் பதிவு கேட்கும் நாட்டில், சித்திரவதைக்கு உள்ளானவரின் நினைவுகளைக் கிளறிப் பேச வைப்பவருக்கு அப்படியொரு சட்டப் பதிவு நீண்டகாலமாகத் தேவைப்படவில்லை என்பது விந்தைதான். தேசிய அளவில் உளவளத்துணையாளர் சங்கம் இருந்தபோதிலும், அதிற் சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது.

சட்டம் வரும்வரை சங்கத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குப் பிரித்தானிய அனுபவம் உதவும். அங்கு 1971இல் வெளியான பொஸ்டர் அறிக்கையும் 1978இன் சீகார்ட் அறிக்கையும் உளச்சிகிச்சைத் தொழிலை ஒழுங்குபடுத்த வேண்டும் என வலியுறுத்தின. 2007இல் அரசு சட்டப்பதிவை அறிவித்தும், துறைக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பினிடையே 2011இல் அதைக் கைவிட்டது. இன்றும் பிரித்தானியாவில் உளவளத்துணையாளர் என்ற பெயரை எவரும் சூடிக்கொள்ளலாம். ஆனால் சங்கங்கள் தாமே வைத்திருக்கும் உறுப்பினர் பதிவேடுகளை சட்டத்தால் நிறுவப்பட்ட ஓர் அதிகாரசபை சோதித்து அங்கீகரிக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்ற முதல் உளவளத்துணைப் பதிவேடு 2013இல் வந்தது. பதிவேட்டில் இல்லாதவரை வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் வேலைக்கு எடுக்கத் தயங்குவதால், சட்டம் இன்றியே சங்கத்தின் விதி பெருமளவு சட்டம்போல் நடைபோடுகிறது. லண்டனில் வாழும் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் தாம் நாடிச் செல்லும் சிகிச்சையாளரின் பெயரை அந்தப் பதிவேட்டிற் பார்த்துக்கொள்ளலாம். நல்லூரில் வாழும் அவருடைய சகோதரிக்கு அந்த வசதி இல்லை.

முன்னர் குறித்த பிரித்தானியாவின் பெரிய சங்கம் தன் உறுப்பினரிடம் எதிர்பார்ப்பவற்றுள் பிறர் கவனத்திற்கு எளிதில் வராதது மேற்பார்வை. தொழில் செய்யும் ஒவ்வொருவரும் ஒழுங்காக இன்னொரு மூத்த உளவளத்துணையாளரிடம் தமது பணியை எடுத்துரைத்து ஆராய வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் விலக்கு இல்லை. இலங்கை அலுவலகங்களில் மேற்பார்வை என்றால் வரவுப் பதிவையும் மாதாந்த அறிக்கையையும் பார்ப்பது என்றே பொருள்கொள்ளப்படுகிறது. தொழில்சார் மேற்பார்வை அதுவன்று. துணைநாடியின் கதை தம்மை எங்கே உலுக்கியது, எங்கே தாம் அவசரப்பட்டோம், எங்கே அவருக்காகத் தாமே முடிவெடுத்துவிட்டோம் என்பவற்றை அச்சமின்றிப் பேசும் இடம் அது. தம் வீட்டிலும் ஒருவர் காணாமற் போயிருக்க, காணாமற் போன இன்னொருவரின் தாயோடு பேச வேண்டியிருக்கும் வடபுலத்து உளவளத்துணையாளருக்கு இத்தகைய இடம் பிற நாட்டவரிலும் பார்க்க மிகுதியாகத் தேவை. தம் மேலதிகாரியிடம் இதைப் பேச எவருக்கும் மனம் வராது. சம்பள உயர்வையும் இடமாற்றத்தையும் கையில் வைத்திருப்பவரிடம் பலவீனத்தைச் சொல்வார் இல்லை.

ஒழுக்கவிதியில் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் சிக்கலான பிரச்சினை ஒன்று உண்டு. உளவளத்துணையாளருக்கும் துணைநாடிக்கும் வேறெந்த உறவும் இருத்தலாகாது என்பது பெருநகரங்களுக்கென எழுந்த மேலைநாட்டு விதிகளின் பொதுப்போக்கு. குடாநாட்டில், ஒரே கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் அமர்பவர்கள், ஒரே பாடசாலையின் பழைய மாணவர், கலியாணத் தரகர் வழியாகவேனும் உறவு கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள்தாம் இரு பக்கத்திலும் இருப்பர். வந்தவரிடம் 'எந்த ஊர்' என்று கேட்டால் அதன் அடியில் சாதியும் குடும்பமும் விசாரிக்கப்படுவதாகவே அவர் உணர்வார். வீட்டுக்குச் சென்று உளவளத்துணை அளிக்கும்போது, விறாந்தையில் மாமியார் இருப்பார், வேலிக்கு அப்பால் அயலார் இருப்பர். ஆகவே உறவே கூடாது என்ற விதி இங்கு ஒருநாளும் நடைமுறைக்கு வராது. நடைமுறைக்கு வராத விதியை எழுதி வைப்பது மற்ற விதிகளையும் மதிப்பிழக்கச் செய்யும். எந்த உறவு ஏற்கத்தக்கது, எந்த உறவில் வேறொருவரிடம் அனுப்பியே ஆக வேண்டும், ஊரில் நேரெதிர்ப்பட்டால் முதலில் யார் பேசுவது, கலியாணப் பேச்சுக்காகக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பவற்றைச் சிந்தித்து எழுதப்படும் தமிழ் ஒழுக்கவிதியே பயன்படும். வெளிநாட்டு விதிக்கோவையைத் தமிழாக்கிப் பெறக்கூடியது அதுவன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணியைச் செய்தவர்கள் ஒன்றாக அமர்ந்து வரையவேண்டியது.

இரகசியம் பேணல் இதனோடு ஒட்டிய விடயம். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்கிறது. உளவளத்துணையாளரிடம் சொன்னதற்கு அப்படியொரு காவல் அதில் இல்லை. நிதி வழங்குவோர் கேட்கும் 'பயனாளிகள்' பட்டியலில் பெயரும் முகவரியும் இருக்கும். படையினரும் புலனாய்வாளரும் நிறைந்திருந்த காலத்தில் அத்தகைய தாள் ஒன்று தவறான கையிற் சேர்வதன் பொருள் என்ன என்பதை வடக்கில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குறிப்பில் எதை எழுதலாம், எதை எழுதாமல் விடலாம், தற்கொலை அபாயமும் சிறுவர் துன்புறுத்தலும் தெரியவரும்போது இரகசியத்தை யாருக்கு, எவ்வளவுக்குத் தளர்த்தலாம் என்பதைத் தனியொரு பணியாளரின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுவது அவருக்கே கொடுமை.

சங்கம் அமைந்துவிட்டால் எல்லாம் சீராகும் என்று நம்புவதும் பேதைமை. வியன்னாவில் மருத்துவர் அல்லாத தியோடர் ரைக் மீது போலி வைத்தியக் குற்றச்சாட்டு எழுந்தபோது, உளப்பகுப்பாய்வு மருத்துவரின் தனிச்சொத்தன்று என்று 1926இல் பிராய்ட் நூலெழுதி வாதிட்டார். அப்படியிருந்தும் அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் மருத்துவரல்லாதார்க்குப் பல பத்தாண்டுகள் கதவடைத்து, 1985இல் உளவியலாளர் நால்வர் வழக்குத் தொடுத்த பின்னரே அப்பத்தாண்டின் இறுதியில் இறங்கி வந்தது. 1892இல் தோன்றிய அமெரிக்க உளவியற் சங்கத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. தடுத்து வைக்கப்பட்டோரை விசாரிக்கும் பணியில் உளவியலாளரின் பங்கு குறித்த தன் ஒழுக்க வழிகாட்டலைப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு இசைவாகத் தளர்வாக வைத்திருக்க அதன் அலுவலர் சிலர் திரைமறைவிற் கூடிச் செயற்பட்டனர் என்று, சங்கமே பணித்த சுயாதீன விசாரணை 2015இற் கண்டது. ஒழுக்கவிதி வகுக்கும் அவையே ஒழுக்கம் பிறழலாம் என்பதைச் சித்திரவதையின் நிழலில் வாழ்ந்த ஒரு சமுதாயம் மறக்கலாகாது.

முதலாவது ஆபத்து, அதாவது கதவடைப்பு, யாழ்ப்பாணத்துக்கு உடனடியானது. பட்டமோ ஆங்கில அறிவோ உறுப்புரிமைக்கு நிபந்தனையாக்கப்பட்டால், முகாம்களிலும் சிற்றூர்களிலும் இத்துறையைத் தோளிற் சுமந்த பணியாளர்கள் (அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்) தாம் கட்டிய வீட்டுக்கு வெளியே நிற்க நேரும். அதனால் உறுப்புரிமையைப் படிநிலையாக அமைப்பதே நியாயம்: ஊர்ப்பணியாளர் ஒரு படியில், ஓராண்டுக்கு மேற்பட்ட பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உளவளத்துணையாளர் அடுத்த படியில், உளச்சிகிச்சையில் தேர்ந்தோர் அதற்கடுத்த படியில். ஒவ்வொரு படியினரும் எதைச் செய்யலாம், எந்த நிலையில் மேலே அனுப்ப வேண்டும் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். செய்த பணியின் மணி நேரமும் பெற்ற மேற்பார்வையும் சான்றிதழுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டால், கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏற வழியும் உண்டாகும்.

சங்கம் நடத்தும் பழக்கம் குடாநாட்டுக்குப் புதிதன்று. கடற்றொழிலாளர் சங்கமும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் இல்லாத ஊர் அரிது. சந்தாப் பணம், கூட்டக் குறிப்பு, கணக்காய்வு, ஆண்டுப் பொதுக்கூட்டம் ஆகியவை பலருக்கும் தலைகீழ்ப் பாடம். யாப்பு எழுதுவதும் தலைவரைத் தெரிவதும் அதனால் எளிது. கடினமானது முறைப்பாட்டு விசாரணை. துணைநாடி ஒருவர் தமக்குத் தீங்கிழைத்த உளவளத்துணையாளர்மீது முறையிட்டால், அதை விசாரிக்கும் குழுவில் அவருடைய சக மாணவரோ சம்பந்தியோ பங்குத்தந்தையோ இருப்பதற்கான வாய்ப்பு யாழ்ப்பாணத்தில் மிக அதிகம். முறையிட்டவரின் பெயர் மாலைக்குள் சந்தியில் அடிபடும் என்ற அச்சமும் பொய்யன்று. தமிழில் விசாரிக்கக்கூடிய, ஆனால் குடாநாட்டுக்கு வெளியே மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கொழும்பிலும் பணியாற்றும் மூத்தவர்களைக் கொண்டும், அவர்களுடன் இத்தொழிலைச் சாராத ஒருவரையாவது சேர்த்தும் அக்குழுவை அமைத்தாலன்றி, முறைப்பாட்டுப் பெட்டி வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையைச் சங்கம் தன் நற்பெயர் என்று எண்ணிக்கொள்ளவும் கூடும்.